தொடவே தொடாதுன்னு யார் சொன்னது?



தலைப்பைப் பார்த்துவிட்டு ஏதோ காதல் கவிதை என்று நின்றவர்கள் மன்னிக்கவும். இது கணக்கு. "ஐயோ கணக்கா!" என்று நகர்ந்துவிட வேண்டாம். பத்தே நிமிஷம் நில்லுங்கள். இதில் கணக்கு பாதி, நான் செய்த ஒரு தப்பு பாதி. தப்பு எல்லார் முன்னாடியும் நடந்தது. அதனால் மன்னிப்பையும் எல்லாரும் பார்க்கிற சுவரிலேயே எழுதுகிறேன்.

ஒரு சின்ன ஏற்பாடு. நம் தமிழ் மன்ற இதழில் ஆங்கில எழுத்து கூடாது என்பது விதி. அதனால் எக்ஸ் என்பதற்குப் பதிலாக 'க' என்றும், ஒய் என்பதற்குப் பதிலாக 'ம' என்றும் எழுதியிருக்கிறேன். எழுத்து மாறினால் கணக்கு மாறாது.

நடந்தது என்ன?

போன மாதம் ஒரு நாள் கணக்கு சார் மீட்டிங் போயிருந்தார். கிளாஸ் லீடர் என்ற முறையில் நான் போர்டில் ரிவிஷன் நடத்தினேன். பாடம், விகிதமுறு சார்புகளின் தொலைத்தொடுகோடுகள். விகிதமுறு சார்பு என்றால் வேறொன்றுமில்லை, மேலே ஒரு பல்லுறுப்புக் கோவை, கீழே ஒரு பல்லுறுப்புக் கோவை. மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. ஒன்பதாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கும் இவ்வளவு புரியும்.

நான் பெரிய ஆள் மாதிரி சாக்பீஸைத் தட்டிவிட்டு, "வளைவரை தொலைத்தொடுகோட்டுக்குக் கிட்ட கிட்ட போகும், ஆனா தொடவே தொடாது. எழுதிக்கோங்க" என்றேன். எல்லாரும் எழுதினார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு தோழி எழுந்து, "ஏன் தொடக்கூடாது லீடர்? தொட்டா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததை மறைக்க நான் சிரித்தேன். லீடர் சிரித்தால் கிளாஸ் சும்மா இருக்குமா? மொத்த கிளாஸும் சிரித்தது. "தொட்டா ஷாக் அடிக்கும்" என்று ஒருத்தன் கத்தினான். அவள் உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க அவள் எந்தப் பீரியடிலும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் ரஃப் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள் என் டெஸ்க்கில் இருந்தது. அதில் ஒரே ஒரு சார்பு:

ம = (2க² + க) / (க² + 1)

கீழே, "க = 2 போட்டுப் பாருங்க" என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான்.

தொகுதி படி 2, பகுதி படி 2. முதல் கெழுக்கள் 2, 1. ஆகவே கிடைமட்டத் தொலைத்தொடுகோடு ம = 2. இது எனக்கு மனப்பாடம். சரி என்று க = 2 போட்டேன். மேலே 8 + 2 = 10. கீழே 4 + 1 = 5. பத்தை ஐந்தால் வகுத்தால் 2.

தொட்டுவிட்டது! தொடவே தொடாது என்று நான் போர்டில் எழுதிய அதே கோட்டை.

அன்று சாயங்காலம் அவள் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கிறாள் என்று நிரூபிக்க ஆறு பக்கம் வீணாக்கினேன். ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்தேன். க = 0 என்றால் ம = 0. க = 1 என்றால் 1.5. க = 2 என்றால் சரியாக 2. க = 3 என்றால் 2.1. க = 4 என்றால் 2.118 அளவு. அதற்கப்புறம் இறங்குகிறது. க = 10 என்றால் 2.079. க = 100 என்றால் 2.0098. க = 1000 என்றால் 2.001 கிட்ட. ஆக, வளைவரை கீழிருந்து வந்து, கோட்டை வெட்டிக்கொண்டு மேலே போய், கொஞ்சம் ஏறி, பிறகு திரும்பி அதே கோட்டை நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கிறது. தப்பு அவளிடம் இல்லை. என்னிடம்.

வகுத்துப் பார்த்தால் தெரியும்

அந்தக் கோபத்தில்தான் ஒரு உண்மை கிடைத்தது. நாம் மூணாம் கிளாஸில் படித்த வகுத்தலை மறந்துவிட்டோம்.

17 மிட்டாயை 5 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 3, மீதி 2. இதை 17/5 = 3 + 2/5 என்று எழுதலாம். ஈவு தனியே, மீதி தனியே. விகிதமுறு சார்பையும் இப்படியே பிரிக்கலாம்.

(2க + 3) / (க − 1) = 2 + 5/(க − 1)

ஈவு 2. மீதி 5. இப்போது க-வை 101 ஆக்கினால் மீதிப் பங்கு 5/100, அதாவது 0.05. சார்பின் மதிப்பு 2.05. க-வை 1001 ஆக்கினால் 2.005. க பெரிதாகப் பெரிதாக மீதிப் பங்கு தேய்ந்துகொண்டே போகிறது. மிஞ்சுவது ஈவு மட்டும். அந்த ஈவுதான் கிடைமட்டத் தொலைத்தொடுகோடு. மீதிப் பங்குதான் வளைவரைக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி.

நாம் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிறோமே, படியை ஒப்பிடும் விதிகள், அதெல்லாம் இந்த ஒரே வரியிலிருந்து வந்துவிடும்.

1. தொகுதியின் படி சின்னதாக இருந்தால் வகுக்கவே முடியாது, ஈவு 0. அதனால் கோடு ம = 0.

2. படி இரண்டும் சமம் என்றால் முதல் கெழுவை முதல் கெழுவால் வகுத்ததுதான் ஈவு. அதனால் கோடு அந்த எண்.

3. தொகுதியின் படி ஒன்று மட்டும் அதிகம் என்றால் ஈவே ஒரு சாய்ந்த கோடு. உதாரணம்: (க² + 1)/(க − 1) = க + 1 + 2/(க − 1). இங்கே ம = க + 1 என்பது சாய்ந்த தொலைத்தொடுகோடு. படி இரண்டோ அதற்கு மேலோ அதிகமானால் ஈவு நேர்கோடாகவே இருக்காது, அதனால் கிடைமட்டமும் இல்லை, சாய்ந்ததும் இல்லை.

இப்போது தோழியின் கணக்குக்கு வருவோம். அதை வகுத்தால்,

(2க² + க)/(க² + 1) = 2 + (க − 2)/(க² + 1)

மீதி என்ன? க − 2. அது எப்போது பூஜ்ஜியம்? க = 2 ஆகும்போது. மீதி இல்லாத இடத்தில் இடைவெளியும் இல்லை. இடைவெளி இல்லாத இடத்தில் வளைவரை கோட்டைச் சந்திக்கிறது. "தொட்டா என்ன ஆகும்?" என்று அவள் கேட்டதற்குப் பதில் இதுதான்: ஒன்றும் ஆகாது. மீதி அங்கே பூஜ்ஜியம், அவ்வளவே.

அப்படியானால் "தொடவே தொடாது" என்ற எண்ணம் நமக்கு எப்படி வந்தது? நாம் முதலில் போடுகிற உதாரணங்களைப் பாருங்கள். 1/க, (2க + 3)/(க − 1) மாதிரி, பகுதி ஒரே படியில்தான் இருக்கும். ஒரு படிப் பகுதியால் வகுத்தால் மீதி வெறும் எண்ணாகத்தான் வரும். 5 என்றால் எப்போதும் 5. அது பூஜ்ஜியம் ஆகவே ஆகாது. அதனால் அந்த வளைவரைகள் உண்மையிலேயே கோட்டைத் தொடுவதில்லை. அதிபரவளையமும் அப்படியே, தன் தொலைத்தொடுகோடுகளைத் தொடாது. நாலு உதாரணத்தைப் பார்த்துவிட்டு ஊருக்கெல்லாம் அதுதான் சட்டம் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம்.

இதில் பெயரும் ஒரு காரணம். சுமார் 2200 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கக் கணித மேதை அப்பலோனியஸ் கூம்பு வெட்டுகளைப் பற்றி எட்டுப் பாகங்களாக எழுதினார். இந்தக் கோட்டுக்கு அவர் பயன்படுத்திய கிரேக்கச் சொல்லுக்கு 'சேர்ந்து விழாதது', அதாவது 'சந்திக்காதது' என்று பொருள். ஆங்கிலத்தில் அசிம்ப்டோட் என்கிறோமே, அது அந்தச் சொல்தான். அவர் பேசியது அதிபரவளையம் பற்றி, அதற்கு அந்தப் பெயர் பொருத்தம். ஆனால் நம் தமிழ்ப் பாடப் புத்தகம் வைத்த பெயரைப் பாருங்கள்: தொலைத்தொடுகோடு. தொலைவில் தொடும் கோடு! கிட்டத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அந்தப் பெயருக்குக் கவலையே இல்லை. தொலைவில் என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம் என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். நாம் படிக்கவில்லை, ஒப்பித்தோம்.

செங்குத்து வேறு கதை

ஆனால் ஒன்று. செங்குத்துத் தொலைத்தொடுகோட்டை விகிதமுறு சார்பின் வளைவரை தொடவே தொடாது. அது மட்டும் உண்மை.

(2க + 3)/(க − 1) என்பதில் க = 1 போட்டால் கீழே பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது. அந்த இடத்தில் சார்புக்கு மதிப்பே கிடையாது. மதிப்பே இல்லாதது எப்படித் தொடும்? ஆனால் பக்கத்தில் போகலாம். க = 1.1 என்றால் மதிப்பு 52. 1.01 என்றால் 502. 1.001 என்றால் 5002. எகிறிக்கொண்டே போகிறது. அந்தப் பக்கமிருந்து வந்தால், 0.9-க்கு −48, 0.99-க்கு −498. பாதாளத்துக்குப் போகிறது.

ஆகவே இரண்டும் பேச்சுக்குத்தான் ஒரே பெயர், குணம் வேறு. செங்குத்து என்பது 'இங்கே நுழைய அனுமதி இல்லை' என்ற போர்டு. கிடைமட்டம் என்பது 'கடைசியில் இந்த ஊருக்குப் போகும்' என்று பஸ்ஸில் எழுதியிருக்கிற பெயர். பஸ் நடுவில் எங்கே சுற்றினாலும் அந்தப் பெயர் பொய்யாகாது.

இங்கேயும் ஒரு குழி இருக்கிறது. "பகுதி பூஜ்ஜியமானா செங்குத்துக் கோடு" என்றும் நாம் ஒப்பிக்கிறோம். (க² − 4)/(க − 2) எடுத்துக்கொள்ளுங்கள். க = 2 என்றால் கீழே பூஜ்ஜியம்தான். ஆனால் மேலேயும் பூஜ்ஜியம். 1.99 போட்டால் 3.99. 2.01 போட்டால் 4.01. எகிறவே இல்லை! மேலே இருப்பது (க − 2)(க + 2). பொதுக் காரணி அடிபட்டால் மிஞ்சுவது க + 2 என்ற நேர்கோடு. அந்தக் கோட்டில் க = 2 என்ற இடத்தில் ஒரு புள்ளி மட்டும் காணோம், ஒரு ஓட்டை. அவ்வளவுதான். எனவே முதலில் காரணிப்படுத்திச் சுருக்க வேண்டும். சுருக்கிய பிறகும் பகுதியில் பூஜ்ஜியம் மிச்சமிருந்தால் மட்டுமே அங்கே செங்குத்துத் தொலைத்தொடுகோடு.

லேபில் நாம் பார்த்ததுதான்!

"இதெல்லாம் எங்கே உதவப் போகுது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். பத்தாம் வகுப்பு செய்முறையில் குவிலென்சின் குவியத் தொலைவு கண்டுபிடித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஜன்னலுக்கு வெளியே தெரியும் மரத்தின் பிம்பத்தைத் திரையில் தலைகீழாக விழ வைத்து, லென்சுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அளந்து, "இதுதான் குவியத் தொலைவு" என்று எழுதி மார்க் வாங்கினோம். ஏன் அது சரி என்று யாராவது கேட்டோமா?

குவியத் தொலைவு 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். லென்ஸ் சமன்பாட்டை மாற்றி எழுதினால்,

பிம்பத் தொலைவு = (10 × பொருளின் தொலைவு) / (பொருளின் தொலைவு − 10)

விகிதமுறு சார்பு! வகுத்தால் ஈவு 10, மீதி 100. அதாவது, பிம்பத் தொலைவு = 10 + 100/(பொருளின் தொலைவு − 10). கிடைமட்டத் தொலைத்தொடுகோடு 10. அதுதான் குவியத் தொலைவு. மரம் முடிவிலியில் இல்லை, கிரவுண்டு ஓரத்தில்தான் நிற்கிறது. பத்து மீட்டர் தூரம், அதாவது 1000 செ.மீ. என்றால் 100/990, சுமார் 0.1 செ.மீ. பிழை. ஸ்கேலில் ஒரே ஒரு மில்லிமீட்டர். அதனால்தான் அந்த முறை செல்லுபடியாகிறது. இடைவெளி எவ்வளவு என்று மீதியே சொல்லிவிடுகிறது.

இப்போது மெழுகுவர்த்தியை லென்சுக்குக் கிட்டே கொண்டுவாருங்கள். 20 செ.மீ.-ல் வைத்தால் பிம்பம் 20-ல். 15-ல் வைத்தால் 30. 12-ல் வைத்தால் 60. 11-ல் வைத்தால் 110. 10.5-ல் வைத்தால் 210, லேப் மேஜை போதாது! சரியாக 10-ல் வைத்தால் கதிர்கள் இணையாக வெளியேறுகின்றன, திரையை எங்கே வைத்தாலும் பிம்பம் இல்லை. அதுதான் செங்குத்துத் தொலைத்தொடுகோடு. 9-ல் வைத்தால் கணக்கு −90 என்கிறது. கழித்தல் குறி வந்ததும் பயப்பட வேண்டாம். பிம்பம் திரையில் விழாது, பொருள் இருக்கிற பக்கமே பெரிதாகத் தெரியும் மாய பிம்பம். அதைத்தான் பூதக்கண்ணாடி என்கிறோம். வளைவரையின் ஒரு கிளை திரையில் விழும் பிம்பம், மறு கிளை பூதக்கண்ணாடி. நடுவில் அந்தக் கோடு.

என் கருத்து

"பப்ளிக் எக்ஸாமுக்கு விதி தெரிஞ்சா போதும், ஏன் இவ்வளவு?" என்று என் நண்பர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒரு மார்க் கேள்விக்கு உட்கார்ந்து வகுத்துக்கொண்டிருந்தால் நேரம் போகும், ஒப்புக்கொள்கிறேன். விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வகுத்தல் முதலில், விதி பிறகு என்கிறேன். மனப்பாடம் பண்ணிய விதி பரீட்சை ஹாலில் இடம் மாறிவிடும். மேலே பெரிசா, கீழே பெரிசா என்று குழம்பி நான் மாதத் தேர்விலேயே இரண்டு மார்க் விட்டிருக்கிறேன். வகுத்தல் இடம் மாறாது.

ஆசிரியர்களுக்குப் பணிவான ஒரு வேண்டுகோள். இந்தப் பாடத்தைத் தொடங்கும்போது விதியைப் போர்டில் எழுதுவதற்கு முன், ஒரே ஒரு நாள், எங்களைப் பத்து எண் போட்டு அட்டவணை எழுதி, வரைபடத் தாளில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். அதில் ஒரு கணக்காவது கோட்டை வெட்டுகிற மாதிரி இருக்கட்டும். கோட்டை நாங்களே கண்டுபிடிக்கிறோம்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் அது எனக்கே. யாராவது எழுந்து "ஏன்?" என்று கேட்டால் சிரிக்காதீர்கள். கேட்டவர் தப்பாகவே இருந்தாலும் சிரிக்காதீர்கள். நமக்குத் தெரியாதபோதுதான் சிரிப்பு முதலில் வருகிறது. நான் அனுபவத்தில் சொல்கிறேன். அன்று கிளாஸில் அறுபது பேர் எழுதிக்கொண்டோம். யோசித்தது ஒரே ஒருத்தி. அவளைத்தான் உட்கார வைத்தோம்.

தோழியின் பெயரை நான் இங்கே போடவில்லை. அவளே வேண்டாம் என்றுவிட்டாள். "பேரெல்லாம் வேணாம், போர்டுல எழுதினதை மட்டும் திருத்திடுங்க லீடர்" என்றாள். மறுநாளே திருத்திவிட்டேன். "தொடவே தொடாது" என்பதை அடித்துவிட்டு, "தொலைவில் இடைவெளி பூஜ்ஜியத்தை நெருங்கும்" என்று எழுதினேன். நோட்டில் பழையதை எழுதிக்கொண்டவர்கள் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். அன்று சிரித்ததற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இங்கேயும் கேட்கிறேன்.

போகிற போக்கில் ஒரு புதிர்: (க² − 1)/(க² − 3க + 2). பகுதி இரண்டு இடத்தில் பூஜ்ஜியமாகிறது. செங்குத்துத் தொலைத்தொடுகோடு எத்தனை? கிடைமட்டக் கோடு எது? அதை வளைவரை வெட்டுமா, வெட்டாதா? விடையைக் காரணத்தோடு எழுதி நூலகத்தில் இருக்கும் இதழ்ப் பெட்டியில் போடுங்கள். வெறும் விடை ஏற்கப்படாது. தப்பான விடை வந்தாலும் யாரும் சிரிக்க மாட்டோம்.



இப்படிக்கு,
பிளஸ் டூ 'அ' பிரிவு வகுப்புத் தலைவன்